சலேத் மாதாவுக்கு ஒரு தண்டல்

“பதினோரு நாளாச்சு தம்பி. சுக்கான எப்பதான் என் கையில தருவ?”

கேட்டவர் வியாகப்பன். வயது ஐம்பத்திரண்டு. பெரிய பெரிய கப்பல்களில் இருபத்தைந்து வருடம் அதிகாரியாக இருந்தவர். அவர் பார்க்காத துறைமுகத்தை எண்ணிச் சொல்லிவிடலாம்.

கேட்கப்பட்டவன் கயித்தான். வயது முப்பத்தைந்து. தூத்துக்குடித் தோணி ஒன்றுக்குத் தண்டல். தண்டல் என்றால் கேப்டன்தான். ஆனால் கேப்டன் என்று கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான்.

அவன் கீழே எட்டிப் பார்த்து, “சேசு, எஞ்சின அமத்து” என்றான்.

எஞ்சின் நின்றது.

நடுக்கடல். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. வயிறு நிறைய உப்போடு தோணி சும்மா கிடந்தது.

“என்ன கோளாறு?” என்றார் வியாகப்பன்.

“ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. உக்காருங்க.”

உட்கார்ந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. தோணி தானாக மெல்லத் திரும்பி, காற்றுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் போனது.

“என்ன பாத்தீய?” என்றான் கயித்தான்.

“என்னத்தப் பாக்க? ஒண்ணும் நடக்கலியே.”

“சரி. நாளைக்கும் பாப்போம்.”

இப்படி ஒரு வாத்தியார் யாருக்கும் வாய்க்கக் கூடாது. கிணற்றில் போட்ட கல்லாவது விழும்போது ஒரு சத்தம் கொடுக்கும்.



வியாகப்பன் ஏன் இதை எல்லாம் பொறுத்துக்கொண்டார்?

அவருடைய அண்ணன் மிக்கேல் ‘சலேத் மாதா’ என்ற தோணிக்குத் தண்டலாக இருந்தவர். போன வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து சலேத் மாதா துறைமுகத்துக்கு வடக்கே மணலில் கிடக்கிறது. மதினிக்கு இருப்பது அந்தத் தோணி ஒன்றுதான். இந்த வருடமும் அது கடலுக்குப் போகாவிட்டால், அடுத்த வருடம் உடைத்து விறகாக்க வேண்டியதுதான் என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

வியாகப்பன் கப்பல் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தார். நான் ஓட்டுகிறேன் என்றார்.

மிக்கேலோடு இருபது வருடம் போய்வந்த எட்டுப் பேர் அதைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் தொம்மை. அவர்தான் வாயைத் திறந்தார்.

“தப்பா நினைக்காதீய. பெரிய கப்பல் கரைக்கு வந்தா முன்னால ஒரு டக்கு போட்டு, பின்னால ஒரு டக்கு போட்டு வந்து இழுத்துப் புடிச்சுக் கட்டிவிடும். தோணிக்கு எவன் வருவான்? நீங்க கயித்தான்கூட ரெண்டு நடை போயிட்டு வாங்க. ‘ஏறலாம்’னு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். நாங்க ஏறுதோம்.”

“அவன் சொல்லலன்னா?”

“ஆளுக்கொரு தோணி பாத்துப் போயிருவோம். புள்ளகுட்டி இருக்குல்லா.”

வைகாசி பிறந்தால் காற்று மாறிவிடும், கடல் மூடிக்கொள்ளும். அதற்குள் கயித்தான் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை விழ வேண்டும். அந்த வாயோ சாப்பிடுவதற்கு மட்டும்தான் திறந்தது.



மறுநாளும் எஞ்சினை அமத்தினான். மறுநாளும் வெயில். மறுநாளும் தோணி திரும்பி விலாவைக் காட்டியது.

“என்ன பாத்தீய?”

“தோணி திரும்புச்சு.”

“யாரு திருப்புனா?”

“காத்து.”

“எதப் புடிச்சுத் திருப்புச்சு?”

வியாகப்பனுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் எழுந்து நின்று தோணியை இந்தக் கோடிமுதல் அந்தக் கோடிவரை பார்த்தார். முன்பக்கம் தட்டையாக இருந்தது. பின்பக்கம்தான் கேபின் சுவர் பெட்டியாக எழும்பி நின்றது. காற்று அதன் மேல் கையை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

“கேபின.”

“அப்ப அது ஒரு பாய்” என்றான் கயித்தான். “அத எவனும் சுருட்ட முடியாது.”

சொல்லிவிட்டு எஞ்சினைப் போடச் சொன்னான். 



வியாகப்பனிடம் ஒரு நோட்டு இருந்தது. கோடு போட்ட நோட்டு. அதில் கட்டம் கட்டி எழுதுவது அவர் வழக்கம்.

“தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லு. கரைக்கு எத்தன அடி இருக்கும்போது வேகத்தக் கொறைக்கணும்? எத்தன அடியில ரிவர்ஸ் போடணும்?”

“சரக்கோடயா, வெறுந்தோணியா?”

அவர் கட்டத்தை இரண்டாகப் பிரித்தார். “ரெண்டுக்கும் சொல்லு.”

“காத்து முன்னாலயா, பின்னாலயா?”

நான்காகப் பிரித்தார்.

“நீரோட்டம்?”

எட்டு.

“அடியில பாசி எத்தன மாசத்துப் பாசி?”

வியாகப்பன் பேனாவை மூடினார். “கேலி பண்ணுதியா?”

“கேக்கீயன்னுதான சொல்லுதேன்.”

கயித்தான் சமையல் மூலையில் கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்துக் கடலில் போட்டான். அது தோணியின் ஓரமாக மிதந்து பின்னால் போனது.

“போறது மட்டையா, தோணியா?”

“தோணிதான். மட்டைக்கு என்ன எஞ்சினா இருக்கு?”

“மட்டையக் கேட்டா வேற சொல்லும்.”

சேசு கீழே எஞ்சின் அறையில் இருந்துகொண்டு சிரித்தான். வியாகப்பனுக்குக் காது சூடேறியது. அவர் நோட்டை விரித்து, ‘மட்டை’ என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, பிறகு அந்தத் தாளையே கிழித்துப் போட்டார்.



ஒரு நாள் காலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கயித்தான் சுக்கானை விட்டு நகர்ந்து நின்றான்.

“புடிங்க.”

வியாகப்பன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தார்.  

“எங்க போகணும்?”

“முன்னால கோயில் கோபுரம் தெரியுதா? அதுக்குப் பின்னால ஒத்தப் பனை. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு நிக்குதுல்லா? அந்த வழிதான். வலது கைப்பக்கம் பார் கெடக்கு.”

பார் என்றால் தண்ணீருக்குள் கிடக்கும் கல்திட்டு. கண்ணுக்குத் தெரியாது. அடிப்பலகைக்குத்தான் தெரியும்.

வியாகப்பன் தோணியின் மூக்கைக் கோபுரத்தின் உச்சிச் சிலுவைக்கு நேராக வைத்தார். வைத்தவர் வைத்ததுதான். ஆணி அடித்தது போல நிறுத்தினார். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. கண் இமைக்கவில்லை.

“பாத்தியா தம்பி? மூக்கு ஒரு மயிரிழை வெலகல.”

கயித்தான் எழுந்தான். கேபினுக்குப் பின்னால் போய் லைஃப் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தான். சேசுவுக்கும் மற்ற ஆட்களுக்கும் ஆளுக்கொன்று எறிந்தான். தான் ஒன்றைப் போட்டுக்கொண்டான். வியாகப்பன் கழுத்தில் ஒன்றை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினான்.

“எதுக்குல இது?”

“தேவப்படும்லா.”

“எப்ப?”

“இன்னும் பத்து நிமிசத்துல.”

வியாகப்பன் திடுக்கிட்டு முன்னால் பார்த்தார். கோபுரம் மூக்குக்கு நேராகத்தான் நின்றது. பனையைக் காணவில்லை. தேடினார். கோபுரத்துக்கு வலது பக்கம் வெகுதூரம் தள்ளி, ஆகாயத்தில் தனியாக நின்றது பனை.

நீரோட்டம் தோணியை முழுதாகத் தூக்கி வலப்பக்கம் வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அவரும் மூக்கை மட்டும் கோபுரத்துக்குத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். மூக்கு சொன்ன சொல் கேட்டது. தோணி பாருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் சுக்கானை இடப்பக்கம் ஒடித்தார். பனை மெல்ல நகர்ந்து கோபுரத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

“வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று கத்தினார். “ஒன்பது உசுரு இருக்கு இதுல!”

“அதான் ஜாக்கெட்டக் குடுத்தேன்லா” என்றான் கயித்தான்.



கொல்லத்தில் உப்பை இறக்கிவிட்டு வெறுந்தோணியாகத் திரும்பினார்கள். சரக்கு இல்லாத தோணி தண்ணீருக்கு மேல் ஒரு ஆள் உயரம் கூடுதலாக எழும்பி நிற்கும். காற்றுக்குக் கொண்டாட்டம்.

தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல். கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று முதுகில் நின்று தள்ளியது.

“கட்டுங்க” என்றான் கயித்தான்.

“நானா?”

“பின்ன?”

தோணிகளைக் கட்டும் ஜெட்டியில் இடம் இருந்தது. இடப்பக்கம் வேறொரு தோணி கட்டிக் கிடந்தது. வியாகப்பன் மூக்கைச் சரியாகக் கொண்டுவந்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வேகம் மட்டும் குறையவே இல்லை. காற்று பின்னாலிருந்து தள்ளுகிறதே! ஜெட்டி முகத்துக்கு நேரே வளர்ந்துகொண்டு வந்தது.

“சேசு, ரிவர்ஸ்! முழுசாப் போடு!”

எஞ்சின் அலறியது. மூக்கு நின்றது. ஜெட்டிக்கு நான்கடியில் அழகாக நின்றது. வியாகப்பன் மூச்சை விட்டார்.

பின்பக்கம் நிற்கவில்லை. தோணிக்கு அடியில் எஞ்சின் காற்றாடி பின்னோக்கிச் சுற்றிய சுற்றில், அது இடப்பக்கம் வீசிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோணியின் விலாவில் படார் என்று இடித்தது. பலகை முறிந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அங்கே வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கயித்தான் அந்தத் தோணிக்குத் தாண்டிப் போய், அதன் தண்டலிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “என் தப்புதான். பலகைய நான் மாத்தித் தாறேன்” என்றான்.

திரும்பி வந்து வியாகப்பனைப் பார்த்தான்.

“நாளையிலேர்ந்து மூணு நாளு நீங்க கலப்பத்துக்காரங்ககூட இருங்க.”

கலப்பத்து என்பது பலகை இடுக்குகளில் பஞ்சை அடித்துக் குங்கிலியம் பூசித் தண்ணீர் வராமல் அடைக்கிற வேலை. அதைச் செய்கிறவர்கள் நாள் முழுக்க ஒருக்களித்துப் படுத்தபடி உளியும் சுத்தியலுமாக இருப்பார்கள்.

“தோணி ஓட்டப் படிக்க வந்தேன். பஞ்சு அடிக்க இல்ல.”

“இடிச்சது யாரு?”

அதற்கு மேல் என்ன பேச? சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. வியாகப்பன் போனார்.



முதல் நாள் அவர் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் ஆள்காட்டி விரலில். கை முழுக்கக் குங்கிலியம் ஒட்டி, சோற்றைப் பிசைய முடியவில்லை. வீட்டுக்குப் போனால் மதினி, “என்ன கொழுந்தனாரே, எப்ப தோணி எறங்கும்?” என்று கேட்பார். கேட்பது நியாயம்தான்.  அவர் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் பழுதுபார்க்க மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த ஏழெட்டுத் தோணிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். வேறு வேலை இல்லாததால் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பழைய பலகைக்கு நடுவில் புதுப்பலகை ஒட்டுப் போட்டிருந்தது. நிறம் காட்டிக்கொடுத்தது.

“என்ன வே, எல்லாத் தோணியிலயும் ஒட்டு பின்பக்கமாவே இருக்கு?” என்று கலப்பத்துக்காரரைக் கேட்டார்.

அவர் வாயில் பஞ்சுத்திரி இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னார்.

“அதுவா? எல்லாரும் முன்னால பாத்துத்தான ஓட்டுதாங்க.”

திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

 வியாகப்பன் போய், தான் முறித்த பலகைக்குப் பதிலாக வைத்த புதுப்பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.



இரண்டாவது நடை. போனார்கள், இறக்கினார்கள், திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் சுக்கான் வியாகப்பன் கையில்தான் இருந்தது. கயித்தான் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை.

“ஒரு வார்த்த சொல்லேன் தம்பி. எப்படித்தான் இருக்கு?”

“என்னது?”

“நான் ஓட்டுறது.”

“இன்னும் கட்டலியே” என்றான்.

துறைமுகம் கண்ணில் பட்டபோது அதே பிற்பகல். அதே காற்று முதுகில். ஜெட்டியின் முனையில் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். தொம்மை நடுவில் நின்றார். சேதி எப்படியோ போயிருக்கிறது. இன்றைக்குப் பார்த்துவிட்டு முடிவு கட்ட வந்திருக்கிறார்கள்.

வியாகப்பனுக்குச் சலேத் மாதா, மதினி, அண்ணன் பெயர், எல்லாம் அந்த ஜெட்டியில் வந்து நிற்பது போல இருந்தது.

“சேசு, பாதிக்குக் கொற.”

துறைமுகத்தின் வாய்க்கு நேராக வந்தார். ஒரு தேங்காய் மட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டார். அது நேராகப் பின்னால் போகாமல் சாய்வாக விலகியது; தோணி பக்கவாட்டிலும் நழுவுகிறது. திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வேகம் கூடுதல்.

சுக்கானை ஒடித்தார். தோணி ஒரு பெரிய வட்டம் அடித்துக் கடலுக்கே திரும்பியது.

“என்னாச்சு?” என்றான் கயித்தான்.

“வேகம் சாஸ்தி. சுத்தி வாறேன்.”

இரண்டாம் முறை வந்தார். வாய்க்கு அருகே வரும்போது காற்று ஒரு உதறு உதறியது. கேபின் சுவரில் அது வந்து அறைந்ததை அவர் முதுகு உணர்ந்தது. மறுபடி ஒடித்தார். மறுபடி கடல்.

அந்த நேரம் பார்த்து வேறொரு தோணி வெளியே போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான்.

“என்ன அண்ணாச்சி, வீட்டுக்கு வழி மறந்துட்டுதா? உலகம் பூரா சுத்துன ஆளுல்லா!”

அந்தத் தோணி முழுக்கச் சிரித்தது. வியாகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். அவமானத்தில் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. ஜெட்டிப் பக்கம் பார்க்கவில்லை.

“பொறுத்தார் பூமி ஆள்வார் அண்ணாச்சி” என்றான் சேசு கீழே இருந்து. “ஆனா சோறு ஆறிப்போகும்.”

“நீ எஞ்சினப் பாருல!”

மூன்றாம் முறை.

இந்த முறை எல்லாம் சரியாக இருந்தது. வேகம் சரி. காற்று தணிந்திருந்தது. வாய் காலியாக இருந்தது. தொம்மை கயிற்றைப் பிடிக்கத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். கயித்தான்கூட முதல் முறையாகக் கயிற்றுச் சுருளைக் கையில் எடுத்தான்.

வியாகப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

தோணி வந்த தடம் தண்ணீரில் நுரையாகக் கிடந்தது. நேராகத்தான் கிடந்தது. தோணிக்கு அருகே மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு சாண் வளைவு. தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை.

இன்னும் திரும்ப இடம் இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் இருக்காது.

சுக்கானை ஒடித்தார்.

“இப்ப என்ன அண்ணாச்சி!” கயித்தான் கத்தினான். இத்தனை நாளில் அவன் கத்தியது அப்போதுதான். கயிற்றுச் சுருளைத் தட்டில் போட்டு மிதித்தான்.

“பின்பக்கம் இன்னும் என் சொல்லுக்கு வரல.”

“நல்லாத்தான வந்துச்சு! நானா இருந்தா உள்ள போயிருப்பேன்.”

“நீ போயிருப்ப. நான் போகமாட்டேன்.”

“அப்ப என்னதான் செய்யப் போறீய?”

“வெளிய நங்கூரம் போட்டுக் கெடப்பேன். காத்து அடங்கட்டும்.”

“எப்ப அடங்கும்?”

“எனக்கு என்ன தெரியும்? அது அடங்குறப்ப அடங்கும்.”

கயித்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தான். எரிச்சலில் அவன் முகம் சுருங்கிக் கிடந்தது. இந்த மாதம் முழுக்க வியாகப்பன் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.



நங்கூரம் இறங்கியது. சங்கிலி நின்றதும் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

கயித்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தான். முனையில் ஏறி நின்று, கரையைப் பார்த்துத் துண்டை இரண்டு தரம் தலைக்கு மேல் வீசினான்.

ஜெட்டியில் தொம்மை கையை உயர்த்தினார். பிறகு எட்டுப் பேரும் முதுகைக் காட்டித் திரும்பினார்கள். ஒருவர்பின் ஒருவராக இறங்கி, கரையோரமாக வடக்கே நடக்க ஆரம்பித்தார்கள்.

வியாகப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். பத்தில் ஒன்பது தரம் ஒன்றும் ஆகியிருக்காது. கயித்தானே சொன்னானே, நான் போயிருப்பேன் என்று. மதினியிடம் இன்றைக்கு என்ன சொல்வது? சாப்பிட்டுவிட்டேன் என்று எத்தனை நாள் சொல்வது?

அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

ஆனாலும் ஒரு கை நங்கூரச் சங்கிலியின் மேல் இருந்தது. அது இழுபடுகிறதா, பிடித்து நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கயித்தான் திரும்பி வந்தான். சமையல் மூலையில் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தான்.

“போயிட்டானுவ” என்றார் வியாகப்பன்.

“ஆமா.”

“நீதான போகச் சொன்ன?”

“நாந்தான் சொன்னேன்.”

“பாவி. காத்து அடங்குற வரைக்குமாவது நின்னு பாக்கச் சொல்லியிருக்கலாம்லா. நான் கட்டுறதப் பாத்துட்டுப் போயிருப்பானுவ.”

“இங்கன நின்னு என்ன செய்வாங்க? பொழுது சாயுறதுக்குள்ள அங்க வேலை கெடக்கு.”

“எங்க?”

கயித்தான் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சலேத் மாதா ஒரு வருசமா வெயில்ல கெடக்கு. பலகை பூரா காஞ்சு வாயப் பொளந்திருக்கும். நாலு நாளு தண்ணி ஊத்தி ஊறவைக்காம எப்படி அண்ணாச்சி கடல்ல எறக்குவீய?”